சுரங்கம் வந்த ஊருக்குச் சேர வேண்டியது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரியும் புதிதல்ல. கிராம சபையிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நெய்வேலிக்காரர்களுக்கும் கல் குவாரி உள்ள ஊர்க்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கம்பெனி பள்ளிக்கூடம் கட்டித் தருகிறது, கண் மருத்துவ முகாம் நடத்துகிறது. இதெல்லாம் அவர்களாக விரும்பிச் செய்வதுதானே?

பெரும்பாலும் இல்லை. சுரங்கத்தால் ஊருக்கு வர வேண்டிய பணம் நான்கு கணக்குகளில் இருக்கிறது. ஒன்று, மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்டாயமாகச் செலுத்தும் தொகை. அடுத்தது, கம்பெனிகள் சட்டப்படி லாபத்திலிருந்து ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். மூன்றாவது, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போது செய்து தருவதாக ஒப்புக்கொண்ட வேலைகள். நான்காவது, நிலம் கொடுத்தவர்களுக்கான இழப்பீடும் மறுவாழ்வும். நான்குமே சட்டம் சுமத்திய கடமை. திருவிழாவுக்குத் தரும் நன்கொடை மாதிரி சில சில்லறைச் செலவுகளைத்தான் விருப்பப்பட்டுத் தருவதாகச் சொல்ல முடியும்.

அதனால் ஊரில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் "இது எந்தக் கணக்கு?" என்று கேளுங்கள். இதைக் கேட்காத ஊர்களில் ஒரே தண்ணீர்த் தொட்டியை இரண்டு கணக்கில் காட்ட வழி கிடைத்துவிடுகிறது. உரிமையாக வாங்க வேண்டியதைக் கைகூப்பி வாங்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

மாவட்ட கனிம அறக்கட்டளை என்பது என்ன? அதில் எவ்வளவு பணம் வரும்?

1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தை 2015-இல் திருத்தியபோது 9பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டம் ஒவ்வொன்றிலும் மாநில அரசு லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையை அமைக்க வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நன்மை, பாதிக்கப்பட்ட பகுதியின் நன்மை, இவற்றுக்காக மட்டுமே அது இயங்க வேண்டும். அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

பணம் வரும் விதம் இது: வெட்டியெடுக்கும் கனிமத்துக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு (ராயல்டி) மேல், 12.1.2015-க்கு முன் வழங்கிய குத்தகையாக இருந்தால் அந்த உரிமத்தொகையில் 30 சதவீதமும், அதற்குப் பின் வந்த குத்தகையாக இருந்தால் 10 சதவீதமும் அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும்.

சதவீதமாகச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. ஒரு டிப்பர் கணக்காகப் பார்ப்போம். சிமெண்டுக்குப் போகும் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-இல் நிர்ணயித்த உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகை என்றால் அறக்கட்டளைக்கு டன்னுக்கு 24 ரூபாய். 30 டன் ஏற்றிய ஒரு டிப்பர் உங்கள் தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டு போனால் 720 ரூபாய். புதிய குத்தகை என்றால் 240 ரூபாய். ஒரு நாளைக்கு எத்தனை டிப்பர் போகிறது என்று உங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கே தெரியும். பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம்? எங்கள் ஊர் அதில் வருமா?

இதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2015 செப்டம்பரில் வெளியிட்டது. குடிநீர், மருத்துவம், கல்வி, மாசுக் கட்டுப்பாடு, பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலன், தொழிற்பயிற்சி, சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தது 60 சதவீதம். சாலை, பாலம், பாசனம் போன்றவற்றுக்கு மீதி. 2024-இல் திருத்தியபோது அந்த 60-ஐ 70 ஆக்கினார்கள். காரணம் இருந்தது. பல மாநிலங்களில் இந்தப் பணம் சாலையாகவும் கட்டடமாகவும் போய்விட்டது. சுரங்கத்துக்கு வெகு தொலைவில் உள்ள நகரங்களுக்கும் போயிருக்கிறது. மாநிலக் கருவூலத்துக்கு இதை மாற்றக் கூடாது என்று 2021-இல் மத்திய அரசு தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

புதிய நெறிகளின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 கிலோமீட்டருக்குள் என்றால் மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல், வரவு, கூட்ட முடிவுகள், நடக்கும் வேலைகள், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் அறக்கட்டளை தன் இணையதளத்தில் போட வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

எங்கள் ஊரில் வெறும் கருங்கல் குவாரிதான். எங்களுக்கும் உண்டா?

உண்டு. கருங்கல், கிரானைட், கிராவல் எல்லாம் சிறுகனிமங்கள். இவற்றுக்கான விகிதத்தை மாநில அரசு விதிக்கிறது. குவாரிக்காரரும் கட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு கனிம நில வரி என்று புதிதாக ஒன்று போட்டதே, அது ஊருக்கு வருமா?

வராது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, உரிமத்தொகை வரி ஆகாது, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இயற்றிய சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த வரி மாநிலக் கருவூலத்துக்குப் போகும் பணம். அறக்கட்டளைப் பணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சி.எஸ்.ஆர். பணத்தில் நாங்கள் என்ன கேட்கலாம்?

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. வேறொரு சட்டப்படி எப்படியும் செய்தாக வேண்டிய கடமையையும் எழுத முடியாது. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைப்படி நடவேண்டிய மரங்களை நட்டுவிட்டு, "சி.எஸ்.ஆரில் பசுமைப் பணி" என்று போர்டு வைத்தால் அது தவறு. போர்டைப் படம் எடுத்து, அனுமதிக் கடிதத்தின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கலாம் என்றால், என் கருத்து இது: ஒரு தடவை கொடுத்து முடிந்துபோகும் பொருளைக் கேட்காதீர்கள். பை, நோட்டு, தையல் மிஷின், ஒருநாள் முகாம் ஆகியவற்றுக்கு நல்ல புகைப்படம் கிடைக்கும். ஊருக்கு அதற்குமேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுரையீரல் பரிசோதனைக் கருவியும் அதை இயக்க ஆளும் கேளுங்கள். குவாரியில் பல வருடம் கல் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அதைக் காசநோய் என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில் நோய், இழப்பீட்டுக்கு உரியது. ஆனால் நோய்க்குச் சரியான பெயர் எழுதிய சீட்டு கையில் இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது.

கிணறு வற்றுகிறது. கம்பெனி டேங்கரில் தண்ணீர் தருகிறது. அது போதாதா?

போதாது. திறந்தவெளிச் சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் குழிக்குள் தண்ணீர் ஊறும்; அதை இறைத்துத்தான் வேலை செய்ய முடியும். நெய்வேலியில் இது இன்னும் தீவிரம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் அடுக்கு இருக்கிறது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். சென்னை வறட்சியில் தவித்தபோது நெய்வேலித் தண்ணீர் அங்கே போனதும் உண்டு. அப்படியிருக்க, சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் கீழே கீழே போகின்றன என்று விவசாயிகள் சொல்வதைப் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

டேங்கர் குடிக்கத்தான் உதவும். அதை வைத்து நெல் நட முடியாது. இறைக்கும் நீரை ஏரிக்கும் வாய்க்காலுக்கும் முறையாக, பரிசோதித்து விட வேண்டும் என்றும், சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்றும் கேளுங்கள்.

அதோடு, நீங்களும் அளந்து வையுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, எத்தனை அடியில் தண்ணீர் தொடுகிறது என்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால் போதும். சுரங்கம் வருவதற்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் தன் கிணற்றின் ஏழு வருடக் கணக்கை வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவரை தலையசைத்துக்கொண்டிருந்த அதிகாரிகள் பேனாவை எடுத்தார்கள்.

நிலம் கொடுத்த வீட்டுக்கு வேலை தர வேண்டும் என்பது சட்டமா?

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மூன்று வழிகளைச் சொல்கிறது: திட்டத்தில் வேலை உருவானால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை 20 ஆண்டுகளுக்கு. இதில் "அல்லது" என்ற சொல்லில்தான் சிக்கல். வேலையா பணமா என்ற பேச்சில் பெரும்பாலும் பணமே மிஞ்சுகிறது. கிடைக்கும் வேலையும் ஒப்பந்த வேலையாக இருந்துவிடுகிறது. நெய்வேலியில் பல ஆண்டுகளாக ஓயாமல் எழும் கோரிக்கை நிரந்தர வேலைதான்.

தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள். அதற்கும் மத்தியச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடும், தனியார் கம்பெனிக்கு எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்ற விதியும் பொருந்தாது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. விவசாயிகளுக்கு இது பெரிய இழப்பு என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்த நிலத்தைப் பல வருடம் சும்மா போட்டு வைத்தால்?

கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த நிலத்தில் விவசாயிகள் பயிர் செய்துகொண்டே இருந்தார்கள். 2023 ஜூலையில், வாய்க்கால் வெட்டுவதற்காகக் கதிர் வரும் நேரத்துப் பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். காகிதப்படி நிலம் கம்பெனியுடையதுதான். ஆனால் அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருந்தால் குறைந்தபட்சம் அந்தக் காயமாவது தவிர்ந்திருக்கும். ஊரோடு சேர்ந்து வளர்வதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு அந்தப் பொறுமை இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஜெயங்கொண்டத்தில் வேறு கதை. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காகத் தொண்ணூறுகளில் 8,000 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். திட்டம் வரவே இல்லை. நிலத்தை விற்க முடியாமல், அடமானம் வைக்க முடியாமல், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க முடியாமல் ஒரு தலைமுறை கழிந்தது. அதன் பிறகுதான் நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய் என்ன பயன்? எல்லாம் முன்பே முடிவானதுதானே?

போகாமல் இருந்தால்தான் எல்லாம் முடிவானது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும்.

2020-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, கூட்டத்தில் மக்கள் எழுப்பிய பிரச்சினைகளுக்குக் கம்பெனி தரும் உறுதிமொழிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் சேர வேண்டும். அதாவது நீங்கள் அங்கே பேசியது அனுமதியின் நிபந்தனையாகவே மாறலாம். அதனால் "எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பேசாதீர்கள். எந்தத் தெரு, எந்த ஏரி, எந்த மாதத்துக்குள் என்று பேசுங்கள். பேசியதை எழுத்தாகவும் கொடுங்கள். அனுமதி வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அதில் "நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருப்பதை உங்கள் தெருவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேண்டாம் என்றே சொல்லிவிட முடியுமா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றி கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் மறுத்தன. அது பழங்குடியினரின் வன உரிமையை ஒட்டிய தீர்ப்பு, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. ஊர்களின் கிராம சபைத் தீர்மானங்கள், நடைப்பயணம், சட்டமன்றத் தீர்மானம் என்று எதிர்ப்பு பெருகி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ள ஊரிடம்தான் கம்பெனி மரியாதையாகப் பேசுகிறது. சுரங்கத்தை ஏற்றுக்கொள்ள நினைக்கும் ஊருக்கும் இது பொருந்தும்.

சுரங்கம் தீர்ந்து கம்பெனி போன பிறகு ஊர் என்ன ஆகும்?

யாரும் முதலில் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதிலாக நான் எப்போதும் கோலார் தங்கவயலைச் சொல்வேன்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கங்களில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு 1902-இல் வந்துவிட்டது; பெங்களூருக்கே 1905-இல்தான் வந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடியிருப்பு, மன்றம், விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்தன. இன்று ஒரு சி.எஸ்.ஆர். அறிக்கையில் போட்டுக்கொள்ளக்கூடிய அத்தனையும் அந்த ஊரில் இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். மருத்துவமனையும் அதோடு போயிற்று. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மேடுகள் மட்டும் நகர் நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. விடியலுக்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பும் வாழ்க்கைதான் அந்த இளைஞர்களுக்கு மிஞ்சியது.

அங்கே குறையாக இருந்தது வசதிகள் அல்ல. ஒவ்வொரு வசதியும் கம்பெனியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் காலில் நிற்கும் தொழிலோ, ஊராருக்குச் சொந்தமான நிதியோ, சுரங்கத்தைத் தவிர வேறு தெரிந்த கைத்திறனோ வளரவில்லை. நீடித்த வளர்ச்சி என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் நான் தங்கவயலை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்.

இப்போது சட்டம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஒவ்வொரு பெருங்கனிமச் சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் தொடக்கத்திலேயே வேண்டும். குழியைச் சீரமைக்கவும் நிதி உத்தரவாதம் வைக்க வேண்டும். நெய்வேலியில் தோண்டிப் போட்ட மண்மேடுகளில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மீண்டும் பயிர் வளர்க்கும் முயற்சி நடந்திருக்கிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சீராக்கிய நிலம் கடைசியில் யாருக்குப் போகும் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். கனிம அறக்கட்டளையின் 2024 நெறிகள், சுரங்கம் நின்ற பிறகான வாழ்வாதாரத்துக்கென வைப்பு நிதி ஒதுக்க இடம் தருகின்றன. எல்லா ஊரும் பிடித்துக்கொள்ள வேண்டிய வாசகம் அது.

வேறு நாடுகளில் இதைவிட நன்றாக நடக்கிறதா?

சில இடங்களில். அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் 1989-இல் உற்பத்தி தொடங்கியது. நிலம் அங்கே இனுப்பியாட் பழங்குடி மக்களின் நானா நிறுவனத்துக்குச் சொந்தம். சுரங்கம் நடத்தும் கம்பெனி வெறும் குத்தகைதாரர். 2007-இல் நிகர வருவாயில் 25 சதவீதம் நில உரிமையாளருக்கு என்று தொடங்கி, ஐந்து ஆண்டுக்கு 5 சதவீதம் கூடி 50 வரை போகும்படி ஒப்பந்தம். அங்கேயும் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ள கிவலினா ஊர் மக்கள் சுரங்கக் கழிவுநீருக்காக வழக்குப் போட வேண்டியிருந்தது. பங்கு கிடைத்தாலும் தண்ணீரைக் கண்காணிப்பதை விட்டுவிட முடியாது.

நான் ஒரு ஆள். நாளைக்கு என்ன செய்ய முடியும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், புவியியல் மற்றும் சுரங்கத் துறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மூன்றே கேள்விகள் போதும். எங்கள் ஊராட்சி கனிம அறக்கட்டளையின் பாதிக்கப்பட்ட பகுதிப் பட்டியலில் இருக்கிறதா? எங்கள் ஒன்றியத்துச் சுரங்கங்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு கட்டியிருக்கின்றன? எங்கள் ஊராட்சியில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது? 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் தேவையான ஒரே ஒரு வேலையை இடம், அளவு, காரணத்தோடு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வரும் தூசியைக் கூட்டித் தள்ளுகிறவர்களும் தண்ணீருக்குக் குடம் தூக்குகிறவர்களும் பெண்கள்தான். எந்த வேலை என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு அந்தப் பக்கத்தின் நகலை முத்திரையோடு வாங்கி, ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து, ரசீது எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.